மூன்று ஆண்டுச் சந்தா, நாற்பத்தொரு அறிவிப்புகள்

கொரிய நாடக ரசிகர்களுக்கென்று இருக்கும் செய்திச் செயலி ஒன்றுக்கு 2022 மார்ச் மாதம் முதல் மூன்று ஆண்டுகள் சந்தா கட்டினேன். ஆண்டுக்கு 999 ரூபாய். செயலியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இதே அச்சில் வார்த்த செயலிகள் இன்னும் நான்கைந்து இருக்கின்றன, நான் எழுதுவது அவற்றுக்கும் பொருந்தும். வாங்கலாமா என்று யோசிப்பவர்கள் முழுவதும் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

நான் ஈரோட்டில் ஒரு ஜவுளி மொத்தக் கடையில் கணக்கெழுதுகிறேன். இரவு ஒன்பதரைக்கு மேல்தான் எனக்கென்று நேரம் கிடைக்கும். அந்த ஒன்றரை மணி நேரத்தில் நானும் என் அக்காவும் ஒரே கட்டிலில் உட்கார்ந்து நாடகம் பார்ப்போம். செயலியை வாங்கச் சொன்னதும் அக்காதான்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். நாடக நாட்காட்டி அருமை. கொரிய நேரம் நம்முடையதைவிட மூன்றரை மணி நேரம் முந்தியது. அங்கே இரவு 9.20க்கு ஒளிபரப்பானால் நமக்கு மாலை 5.50. இதை ஒவ்வொரு முறையும் விரல்விட்டு எண்ணாமல் செயலியே நம் நேரத்துக்கு மாற்றிக் காட்டும். ஒரு நாடகத்தைத் தொட்டால் இயக்குநர், எழுத்தாளர், பின்னால் வந்துபோகும் பாட்டி வேடக்காரர் வரை பெயர் இருக்கும். அந்தப் பாட்டி வேறு எந்தெந்த நாடகத்தில் வந்தார் என்றும் பார்த்துக்கொள்ளலாம். தமிழ் கிடையாது, ஆங்கிலம்தான். ஆனாலும் எளிய ஆங்கிலம், அக்காவுக்கே புரிந்தது. இந்தப் பகுதிக்கு மட்டும் மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு ஐந்து போடுவேன்.

என் புகார் செய்திப் பகுதியைப் பற்றியது. அறிவிப்புகளைப் பற்றியது.

லீ சுன்-கியூன் என்ற நடிகரை 'பாரசைட்' பார்த்தவர்கள் அறிவார்கள், அந்தப் பணக்கார வீட்டுத் தலைவர். எனக்கும் அக்காவுக்கும் அவர் 'மை மிஸ்டர்' நாயகன். 2018இல் டிவிஎன் தொலைக்காட்சியில் வந்த பதினாறு பகுதி நாடகம் அது. கட்டடங்களின் உறுதியைச் சோதிக்கும் பொறியாளர் பாக் தோங்-ஹூனாக அவர் நடித்தார். அலுவலகத்தில் அவரோடு வேலை பார்க்கும், கடனில் மூழ்கிய இளம்பெண்ணாக ஐயு நடித்தார். அந்தப் பெண் காசுக்காக அவருடைய தொலைபேசியில் ஒட்டுக்கேட்கும் வசதியைப் பொருத்திவிடுவாள். காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு அவர் பேசுவது, வேலை முடிந்து வீட்டுக்கு நடப்பது, பெருமூச்சு விடுவது எல்லாவற்றையும் கேட்பாள். சிக்கவைக்கத்தான் கேட்க ஆரம்பித்தாள். கேட்கக் கேட்க, இவர் நல்ல மனிதர் என்று அவளுக்குத் தெரிந்துபோகிறது. அவளுடைய பாட்டிக்குக் காது கேளாது, வாய் பேச வராது. நிலவைக் காட்டுவதற்காகக் கடைத் தள்ளுவண்டியில் பாட்டியை உட்காரவைத்து அவள் தள்ளிக்கொண்டு போகும் காட்சியில் அக்கா அழுதது இன்னும் நினைவிருக்கிறது.

2023 அக்டோபரில் போதைப்பொருள் விசாரணையில் அந்த நடிகரின் பெயர் அடிபட்டது. அன்றிலிருந்து செயலி ஓயவில்லை. கணக்கெழுதுகிற புத்தி, பிற்பாடு அறிவிப்புப் பட்டியலைத் திறந்து ஒவ்வொன்றாக எண்ணினேன். அவர் பெயரில் வந்தவை 41. அக்டோபர் 28ஆம் தேதி இன்ச்சோன் நகரக் காவல் நிலையத்துக்கு முதன்முறை வந்தபோது, செய்தியாளர் கூட்டத்துக்கு நடுவே தலை குனிந்து நின்றாரே, அந்தப் படம் மட்டும் பதினான்கு முறை. மருத்துவச் சோதனைகளில் போதைப்பொருள் எதுவும் அகப்படவில்லை என்ற தகவல் எத்தனை முறை வந்தது தெரியுமா? ஒரே ஒரு முறை. அதுவும் இன்னொரு செய்தியின் கடைசி வரியில்.

நவம்பர் 24ஆம் தேதியை நான் மறக்க மாட்டேன். அன்று கேபிஎஸ், மக்கள் பணத்தில் நடக்கும் ஒளிபரப்பு நிறுவனம், அவர் ஒரு பெண்ணோடு தனிப்பட்ட முறையில் பேசிய தொலைபேசி உரையாடலைச் செய்தியில் ஒலிபரப்பியது. வழக்குக்கு வேண்டியதை நீதிமன்றம் கேட்டுக்கொள்ளும். அவர் யாரிடம் என்ன குழைந்து பேசினார் என்பது ஊருக்கு எதற்கு? செயலி அதை எழுத்து வடிவில், வரிவரியாக மொழிபெயர்த்துப் போட்டிருந்தது. சந்தா கட்டியவர்களுக்கு முன்கூட்டியே படிக்கும் சலுகை வேறு. நான் படித்தேன். மறைக்க ஒன்றுமில்லை, கடையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் முழுவதும் படித்தேன். சாப்பாட்டுப் பாத்திரத்தை மூடும்போதுதான் நாடகத்தில் அந்தப் பெண் காதில் இயர்போனோடு உட்கார்ந்திருந்தது நினைவுக்கு வந்தது. அவள் அவருடைய வாழ்க்கையைக் கேட்டுக் கேட்டுக் கடைசியில் அவர் பக்கம் நின்றாள். நான் கேட்டுவிட்டு என்ன செய்தேன்?

மூன்றாவது விசாரணையையாவது செய்தியாளர்கள் இல்லாமல் நடத்தும்படி அவர் தரப்பில் கேட்டார்கள். கிடைக்கவில்லை. டிசம்பர் 23ஆம் தேதி தொடங்கிய அந்த விசாரணை 19 மணி நேரம் நீடித்தது.

டிசம்பர் 27, புதன்கிழமை. காலை ஏழே முக்கால் இருக்கும். கடைக்குக் கிளம்பத் தயிர்ச் சாதம் கட்டிக்கொண்டிருந்தேன். சமையல் மேடையில் இருந்த தொலைபேசி அதிர்ந்தது. சிவப்பு விளக்குப் படம், அதிர்ச்சி என்று கொட்டை எழுத்து, அவர் பெயர். தொட்டேன். முதலில் நகைச் சேமிப்புத் திட்டத்தின் விளம்பரம் வந்தது. ஐந்து நொடி கழித்துத்தான் மூட முடியும். ஐந்து, நான்கு, மூன்று என்று எண் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு செய்தி: அவர் இறந்துவிட்டார். வயது 48. மேலே அதே தலை குனிந்த படம். கீழே 'இவர் நடித்ததில் தவறவிடக் கூடாத பத்து நாடகங்கள்'. அதற்கும் கீழே கருத்துப் பெட்டி, திறந்தே இருந்தது.

அந்தக் கருத்துப் பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2019 அக்டோபரில் பாடகியும் நடிகையுமான சல்லி இறந்தார். பல ஆண்டுகள் வசைக் கருத்துகளைத் தாங்கியவர். அடுத்த மாதமே அவருடைய தோழி கூ ஹாராவும் போய்விட்டார். சல்லி இறந்த பிறகு கொரியாவின் பெரிய இணையத் தளங்களே கேளிக்கைச் செய்திகளின் கீழ் கருத்து எழுதுவதை நிறுத்தின. டாம் 2019 அக்டோபர் இறுதியில் மூடியது, நேவர் 2020 மார்ச்சில் மூடியது. அவர்கள் மூடிவிட்டதை இந்தச் செயலி வெளிநாட்டு ரசிகர்களுக்காகத் திறந்துவைத்திருக்கிறது.

வசை அங்கிருந்து யூடியூபுக்கு இடம் மாறியது. அப்படிப்பட்ட சேனல்காரர்களைக் கொரியர்கள் 'சைபர் ரெக்கா' என்கிறார்கள், விபத்து நடந்த இடத்துக்கு அடித்துப் பிடித்து முதலில் வந்து நிற்கும் இழுவை லாரியைப் போல. ஐவ் குழுவின் பாடகி சாங் வோன்-யங் அமெரிக்க நீதிமன்றம் வரை போய், தன்னைப் பற்றிப் பொய் பரப்பிய சேனலை நடத்தியவர் யார் என்ற விவரத்தைக் கூகுளிடமிருந்து பெற்றார். 2025 ஜனவரியில் இன்ச்சோன் நீதிமன்றம் அந்தச் சேனல்காரருக்கு நிறுத்திவைக்கப்பட்ட சிறைத் தண்டனை கொடுத்தது. இப்படிப்பட்ட சேனல்கள் கக்குவதைத்தான் 'கூறப்படுகிறது' என்ற ஒரு சொல்லை ஒட்டி இந்தச் செயலி செய்தியாக்குகிறது.

லீ சுன்-கியூன் இறந்ததை முன்னிட்டு, 2024 ஜனவரி 12ஆம் தேதி சியோலில் இயக்குநர் போங் ஜூன்-ஹோ, பாடகர் யூன் ஜோங்-ஷின், நடிகர் கிம் உய்-சுங் முதலானோர் செய்தியாளர்கள் முன் நின்று அறிக்கை வாசித்தார்கள். விசாரணைத் தகவல்கள் எப்படி வெளியே கசிந்தன என்று ஆராயச் சொன்னார்கள். பொதுநலனுக்குத் தொடர்பில்லாத செய்திகளை நீக்கும்படி ஊடகங்களைக் கேட்டார்கள். செயலியில் இதற்கு ஒரே ஓர் அறிவிப்பு, அதுவும் இரவில். அவர்கள் நீக்கச் சொன்ன வகைச் செய்தி, அந்த உரையாடல் மொழிபெயர்ப்பு, நான் கடைசியாகப் பார்த்தபோதும் செயலியில் அப்படியே இருந்தது. நீக்கச் சொல்லி இரண்டு முறை எழுதினேன். இரண்டு முறையும் ஒரே பதில்: தங்கள் கருத்துக்கு நன்றி.

அப்போதே விலகியிருக்க வேண்டும். விலகவில்லை. மார்ச்சில் வங்கிக் கணக்கிலிருந்து 999 ரூபாய் தானாகப் போய்விட்டது. நாட்காட்டி வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், அறிவிப்புகளை மட்டும் அணைத்தேன். வாங்கியே தீருவேன் என்பவர்கள் முதல் நாளே அதைச் செய்துவிடுங்கள். அமைப்புகளில் 'பிரபலங்கள்' என்பதை அணைத்தால் போதாது. 'உடனடிச் செய்தி' என்று தனியாக ஒன்று கீழே ஒளிந்திருக்கிறது, அதையும் அணைக்க வேண்டும்.

2025 பிப்ரவரி 16, ஞாயிற்றுக்கிழமை. நடிகை கிம் சே-ரோன் இறந்தார். சிறுமியாக இருந்த காலத்திலிருந்து நாங்கள் பார்த்த முகம், வயது 24. 2022இல் குடித்துவிட்டு வண்டி ஓட்டினார், அது குற்றம், நீதிமன்றம் அபராதம் விதித்தது. அதோடு விட்டிருக்கலாம். தேநீர் விடுதியில் வேலை செய்தது உண்மையா நடிப்பா என்றெல்லாம் துருவிக்கொண்டே இருந்தார்கள். இந்த முறை எனக்கு அறிவிப்பு வரவில்லை, அக்கா சொல்லித்தான் தெரியும். செயலியைத் திறந்து அவர் பெயரைத் தேடினேன். அவர் இருந்தபோது போட்ட செய்திகள் வரிசையாக நின்றன, ஒவ்வொன்றின் கீழும் கருத்துகள். ஐந்தாறு படித்ததும் மூடிவிட்டேன். அன்றே சந்தாவை நிறுத்தினேன்.

நிறுத்துவதும் எளிதாக இல்லை. கணக்கு, கட்டணம், திட்டம், திட்டத்தை மாற்று என்று நான்கு படி உள்ளே போக வேண்டும். புதுப்பிக்கும் தேதிக்கு ஒரு வாரம் முன்பாகச் செய்துவிட வேண்டும். காரணம் கேட்கும்: விலை அதிகம், பயன்படுத்துவதில்லை, வேறு செயலி கிடைத்தது. என் காரணம் அதில் இல்லை. 'மற்றவை' என்பதைத் தொட்டு, லீ சுன்-கியூன், கிம் சே-ரோன் என்று இரண்டு பெயர்களை மட்டும் தட்டச்சு செய்து அனுப்பினேன். முப்பது விழுக்காடு தள்ளுபடி தருகிறோம், திரும்பி வாருங்கள் என்று மறுநாள் மின்னஞ்சல் வந்தது.

நாட்காட்டி இல்லாமல் சிரமமாகத்தான் இருக்கிறது. கடையில் மேசைக்கு எதிரே தொங்கும் தினசரித் தாளில் சனி, ஞாயிறு கிழிக்கும் முன் பென்சிலால் 5.50 என்று எழுதிவைக்கிறேன். போன வாரம் அக்கா கேட்டதால் 'மை மிஸ்டர்' மறுபடியும் முதல் பகுதியிலிருந்து தொடங்கியிருக்கிறோம். நேற்று பாட்டிக்கு நிலவு காட்டும் இடம் வந்தது.