டிஸ்காக்ஸ்: சந்தையை விடப் பட்டியல் பெரிது

இண்டி பாப் (சிறு நிறுவனங்கள் வெளியிடும் மெல்லிய கிதார் பாப்) இசைத்தட்டு தேடுகிற எல்லோரும் என்றாவது ஒருநாள் டிஸ்காக்ஸில் வந்து நிற்பார்கள். 2000-ல் கெவின் லெவன்டோவ்ஸ்கி அமெரிக்காவின் ஒரிகனில் எலக்ட்ரானிக் இசைக்காக மட்டும் இணையத்தில் தொடங்கிய இசைத்தட்டுப் பட்டியல் அது. பிறகு எல்லா வகை இசையும் உள்ளே வந்தது, கூடவே ஒரு சந்தையும் சேர்ந்துகொண்டது. இப்போது பலருக்கும் அது பழைய ரெக்கார்ட் விற்கிற கடை. எனக்கு அது முதலில் ஒரு நூலகம், அதுவும் முகம் தெரியாத ரசிகர்கள் சம்பளம் இல்லாமல் கட்டிய நூலகம். அதனால் இந்த விமர்சனத்தில் நூலகத்துக்கு நிறைய இடம், கடைக்குக் கொஞ்சம் இடம்.

உதாரணத்துக்கு சாரா ரெக்கார்ட்ஸை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் இந்த இசையில் எனக்கு மிகவும் பிடித்த லேபிள், அதாவது இசைத்தட்டு வெளியிடும் நிறுவனம், அதுதான். இங்கிலாந்தின் பிரிஸ்டலில் கிளேர் வாட், மாட் ஹெய்ன்ஸ் இருவரும் 1987-ல் தொடங்கினார்கள், 1995-ல் நூறாவது வெளியீட்டு எண் வந்ததும் தாங்களாகவே மூடிவிட்டார்கள். பெரும்பாலும் 7 அங்குல சிங்கிள்கள், அதாவது ஓரிரு பாட்டு மட்டும் உள்ள சிறு தட்டுகள். மடித்த தாள்தான் உறை, அதை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, பல சமயம் உள்ளே ஒரு போஸ்டரோ அஞ்சலட்டையோ வைத்து அனுப்புவார்கள். நம் ஊர்ச் சிறுபத்திரிகைகளைப் போல, கையில் இருக்கிற காசுக்கு நினைத்ததை நினைத்தபடி வெளியிட்டவர்கள். இசைத்தட்டுக்குக் கொடுக்கிற அதே எண் வரிசையில் கையால் ஒட்டி நகலெடுத்த ரசிகர் பத்திரிகைக்கும் எண் கொடுத்தார்கள், 50-ஆவது எண்ணில் வந்தது ஒரு பலகை விளையாட்டு!

இதெல்லாம் டிஸ்காக்ஸில் அந்த லேபிளின் பக்கத்தைத் திறந்தால் வரிசையாக இருக்கிறது. எதையும் தேட வேண்டாம், ஒன்றிலிருந்து நூறு வரை மெதுவாகக் கீழே இறங்கிக்கொண்டே போகலாம். ஃபீல்ட் மைஸ், ஆர்கிட்ஸ், புளூபாய் என்று பேர் கேள்விப்பட்ட குழுக்களுக்கு நடுவே மெல்போர்னிலிருந்து ஷுகர்கிளைடர்ஸ், சிட்னியிலிருந்து ஈவன் ஆஸ் வீ ஸ்பீக், நியூயார்க்கிலிருந்து ஈஸ்ட் ரிவர் பைப் என்று எதிர்பாராத பேர்கள் வருகின்றன. அந்தக் காலத்தில் கடிதமும் கேசட்டும்தானே போக்குவரத்து, அதை வைத்துக்கொண்டு பிரிஸ்டலில் ஒரு வீட்டிலிருந்து இவ்வளவு தூரம் கை நீட்டியிருக்கிறார்கள் என்பது அந்தப் பட்டியலைப் பார்க்கும்போதுதான் உறைக்கிறது. எந்த ஸ்ட்ரீமிங் செயலியும் இதைக் காட்டாது. அங்கே பாட்டு இருக்கும், பாட்டு எந்த வீட்டுப் பிள்ளை என்பது இருக்காது.

ஆட்களின் பேரைத் தொட்டுப் போவது இன்னும் நல்ல வழி. பாடகி அமீலியா ஃபிளெட்சரின் பேரைத் தொடுங்கள்: டலூலா காஷில் தொடங்கி ஹெவன்லி, மரீன் ரிசர்ச், டெண்டர் டிராப், கேட்டனரி வயர்ஸ் என்று குழு குழுவாக ஒரே ஆளின் முப்பது வருட வாழ்க்கைக்கு மேல் வரிசையாக விரிகிறது (அவர் பொருளாதார நிபுணரும்கூட, அது அந்தப் பக்கத்தில் தெரியாது). ஃபீல்ட் மைஸின் பாபி ராட்டனைத் தொட்டால் நார்தர்ன் பிக்சர் லைப்ரரி, அப்புறம் டிரெம்ப்ளிங் புளூ ஸ்டார்ஸ், அங்கிருந்து மாட் ஹெய்ன்ஸ் சாராவுக்குப் பிறகு நடத்திய ஷின்கான்சென் லேபிள். ஒரு ராத்திரி இப்படிப் போனால் கேட்க வேண்டியது ஒரு மாதத்துக்குச் சேர்ந்துவிடும்.

புதிதாக வருகிறவர்கள் தடுமாறுகிற இடம் ஒன்று உண்டு. ஒரே பேரில் பல குழுக்கள் இருந்தால் பேருக்குப் பக்கத்தில் ஒரு எண் போட்டுப் பிரிப்பார்கள். ஹெவன்லி என்று தேடினால் பிரான்ஸின் பவர் மெட்டல் குழு ஒன்றும் வரும், அதை வாங்கிவிடாதீர்கள். இன்னொன்று, ஒரு ஆல்பத்தின் எல்லாப் பதிப்புகளும் ஒரே தலைப்பின் கீழ் அடுக்கப்பட்டிருக்கும். ஹெவன்லி அமெரிக்காவில் கே ரெக்கார்ட்ஸ் வழியாகவும் வந்தது, பிற்காலத்தில் மறுபதிப்புகளும் வந்தன. உங்களுக்கு எது வேண்டும் என்று பார்க்க, இசைத்தட்டின் உள்வட்டத்தில், பாட்டுக் கோடுகள் முடிந்த இடத்துக்கும் மையத்தில் ஒட்டிய காகிதத்துக்கும் நடுவே கீறியிருக்கிற எண்ணை ஒப்பிட வேண்டும். அந்த எண்ணை யாரோ ஒருவர் விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் படித்துத் தட்டச்சு செய்திருக்கிறார், நமக்காக. அந்தத் தரவுகளை யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ள மாதாமாதம் வெளியிடுகிறார்கள் என்பதற்காகவும் இந்தத் தளத்தை மதிக்கிறேன்.

சரி, கடைப் பக்கம் வருவோம். தர மதிப்பீடு இசைத்தட்டுக்குத் தனி, உறைக்குத் தனி. மேலே மின்ட் (புத்தம் புதியது), நியர் மின்ட், அதன் கீழே வெரி குட் பிளஸ், அப்புறம் வெரி குட். இந்த வெரி குட் என்கிற பேரை நம்ப வேண்டாம். அந்த அளவுகோலின்படியே அதில் கீறல் சத்தம் கேட்கும், அதுவும் மெல்லிய இடங்களிலும் பாட்டின் தொடக்கத்திலும் நன்றாகக் கேட்கும். இந்த இசையோ மெல்லிய கிதாரில் தொடங்குகிற இசை, அதனால் நான் வெரி குட் பிளஸுக்குக் கீழே இறங்குவதில்லை. குட் என்றால் சத்தம் இன்னும் அதிகம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். போஸ்டர், அஞ்சலட்டை உள்ளே இருக்கிறதா என்று விற்பவரிடம் எழுதிக் கேட்டுப் படம் வாங்கிய பிறகே பணம் அனுப்புங்கள், உறைக்குக் கொடுக்கிற மதிப்பெண்ணில் அது தெரியாது. ஃபிளெக்ஸி எனப்படும் வளையும் மெல்லிய தட்டு வாங்கினால் அதை வேறொரு சாதாரணத் தட்டின் மேல் வைத்து ஓட்ட வேண்டும்.

எனக்குப் பெரிய வருத்தம் விலை. கடைசியாக விற்ற நாள், விற்ற விலைகளில் குறைந்தது, நடுத்தரம், அதிகம் என்று தளம் எண்களைக் காட்டுகிறது. ஆயிரக்கணக்கில் விற்கிற ஆல்பத்துக்கு அது உபயோகம்தான், ஆனால் மொத்தமே கைவிரல் எண்ணிக்கையில் கைமாறிய ஒரு சிங்கிளுக்கு அந்த நடுத்தர விலை ஒன்றுமே சொல்லாது, ஒருவர் ஆசை மிகுதியில் கொடுத்த தொகை அடுத்த விற்பனையாளருக்கு ஆரம்ப விலையாகிவிடுகிறது, அவ்வளவுதான். விற்பவரிடம் தளம் எடுக்கிற கட்டணமும் 2023-ல் 8 சதவீதத்திலிருந்து 9 ஆனது, அனுப்பும் செலவின் மீதும் சேர்த்து, அதுவும் கடைசியில் வாங்குகிறவர் தலையில்தான் விழும். சாராக்காரர்கள் ரசிகரை ஒரே பாட்டுக்கு இரண்டு முறை காசு கொடுக்க வைப்பது தப்பு என்று நினைத்தவர்கள், பன்னிரண்டு அங்குல சிங்கிள்கள் மீதும் சேகரிப்பாளர்களுக்கான விசேஷப் பதிப்புகள் மீதும் அவர்களுக்கு வெறுப்பு. பள்ளிக்கூடப் பிள்ளை கைச்செலவுக் காசில் வாங்கட்டும் என்று போட்ட தட்டை இன்று முதலீடு மாதிரிப் பேசுவதைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது.

இந்தியாவில் இருந்து வாங்குகிறவர்களுக்கு இன்னொரு கணக்கு. ஒரே ஒரு 7 அங்குலம் வாங்கினால் தபால் செலவு தட்டின் விலையைத் தாண்டிவிடும், சுங்கம் தனி. நான்கைந்து தட்டுகளை ஒரே விற்பனையாளரிடம் எடுத்தால்தான் கட்டுப்படியாகும், எனவே பிடித்த ஒன்றைப் பார்த்ததும் அவருடைய முழு இருப்பையும் புரட்டுங்கள், ஒரு சாரா தட்டு வைத்திருப்பவரிடம் அதே காலத்து ஸ்லம்பர்லேண்ட் (அமெரிக்க இண்டி லேபிள்) தட்டும் இருக்க வாய்ப்பு அதிகம். இந்தியாவுக்கு அனுப்பமாட்டேன் என்று சிலர் எழுதியிருப்பார்கள், அதையும் முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

பட்டியலாக ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன், சந்தையாக மூன்று. நான் செய்வது இதுதான்: டிஸ்காக்ஸில் கண்டுபிடிப்பது, குழுக்களே தங்கள் பாட்டை வைத்து விற்கிற பாண்ட்கேம்ப் தளத்தில் கேட்டுப் பார்ப்பது, குழுவோ லேபிளோ இன்னும் விற்றால் அவர்களிடமே வாங்குவது. ஹெவன்லி ஆல்பங்களை 2022 முதல் அமீலியா ஃபிளெட்சரும் குழுவின் இன்னொரு உறுப்பினர் ராப் பர்சியும் தங்கள் ஸ்கெப் வாக்ஸ் லேபிளில் புதிதாக அச்சிட்டு வருகிறார்கள், அதை விட்டுவிட்டு முதல் பதிப்புக்குப் பல மடங்கு கொடுக்க எனக்கு மனம் வராது. மறுபதிப்பே வராத சிங்கிள்களுக்கு மட்டும் டிஸ்காக்ஸின் ‘வேண்டும்’ பட்டியலில் ஒரு குறி போட்டு வையுங்கள், யாராவது விற்க வைத்தால் மின்னஞ்சல் வரும்.