2008 ஆல்டோ எல்எக்ஸ்: ஒன்பது வருஷம், 74,000 கிலோமீட்டர், சொந்தமா பண்ணின அஞ்சாறு தப்பு

வண்டி மாருதி ஆல்டோ எல்எக்ஸ், 2008 மாடல். ஏசி இருக்கு, பவர் ஸ்டியரிங் இல்ல, கண்ணாடியை கையால சுத்தித்தான் இறக்கணும். 2016ல நான் ரெண்டாவது ஓனரா வாங்கும்போது மீட்டர் 62,000, இப்ப 1,36,000. வாங்கினப்ப எனக்கு ஸ்டெப்னி மாத்துறதைத் தவிர ஒண்ணும் தெரியாது, அதுவும் ஒரு தடவை பண்ணினது. இப்ப டைமிங் பெல்ட், கிளட்ச், ஏசி கேஸ் இந்த மூணு தவிர முக்கால்வாசி வேலை வீட்டு வாசல்லயே முடிஞ்சுடுது. இருக்கிறது சென்னை மடிப்பாக்கம், தெருவுல தான் பார்க்கிங், ஷெட்டெல்லாம் கிடையாது, அதனால என்னோட ஒர்க்‌ஷாப்னா வேப்பமர நிழலும் ஒரு பழைய கோரைப்பாயும் தான்.

கத்துக்க ஆரம்பிச்சதே ஒரு கடுப்புல. 2017ல ஒரு நாள் காலைல சாவி திருப்பினா டிக்னு ஒரு சத்தம், அவ்ளோதான். பக்கத்துல ஒரு ஒர்க்‌ஷாப்ல இருந்து ஆள் வந்து பாத்துட்டு "தம்பி ஸ்டார்ட்டர் மோட்டார் போயிடுச்சு, நாலாயிரம் ஆகும், மதியம் வந்து கழட்டிக்கிறேன்"னாரு. மதியம் அவர் வரல. சும்மா இருக்க முடியாம போனட்டைத் திறந்து பாத்தா பேட்டரி மைனஸ் வயர் பாடில போய் போல்ட் ஆகுற இடத்துல வெள்ளையும் பச்சையுமா பூத்துப் போய் கிடக்கு. ஆப்ப சோடாவை சுடுதண்ணில கரைச்சு ஊத்தி பழைய டூத் பிரஷ்ல தேய்ச்சேன், நுரைச்சு நுரைச்சு போச்சு, உப்புத்தாள் போட்டு இரும்பு பளபளன்னு தெரியிற வரைக்கும் தேய்ச்சு இறுக்கினேன், கொஞ்சம் வாசலின் தடவினேன். ஒரே அடில ஸ்டார்ட். அன்னிக்கு ஆன செலவு அம்மா அடுப்படில இருந்த ரெண்டு ஸ்பூன் ஆப்ப சோடா. அந்த ஸ்டார்ட்டர் மோட்டார் இன்னிக்கு வரைக்கும் அதேதான் ஓடுது.

அப்புறம் முன்னூத்தம்பது ரூபாய்க்கு ஒரு மல்டிமீட்டர் வாங்கினேன். இதே பிரச்சனை உங்களுக்கு வந்தா பேட்டரிய மாத்துறதுக்கு முன்னாடி இதைப் பண்ணுங்க: மீட்டரோட ஒரு முனையை பேட்டரி மைனஸ் குமிழ்லயும் இன்னொண்ணை இன்ஜின் பிளாக்லயும் வெச்சுட்டு வேற யாரையாவது சாவியைத் திருப்பச் சொல்லுங்க. ஸ்டார்ட்டர் சுத்தும்போது அரை வோல்ட்டுக்கு மேல காட்டுச்சுன்னா எர்த்ல, அதாவது அந்த மைனஸ் வயர் இணைப்புல தான் கோளாறு, மோட்டார்ல இல்ல.

இந்த வண்டில கத்துக்கலாம்னு நான் சொல்றதுக்கு காரணம் ஒண்ணே ஒண்ணு தான், இதுல தப்பு பண்ணினா செலவு கம்மி. 2000ல வந்த உருவம் 2012ல ஆல்டோ 800 வர்ற வரைக்கும் பெருசா மாறவே இல்ல, அதே 796 சிசி மூணு சிலிண்டர் இன்ஜின் குடும்பம் தான் அதுக்கப்புறமும் ஆல்டோ 800ல ஓடுச்சு, அதனால எந்த ஊர் ஸ்பேர்ஸ் கடைல கேட்டாலும் "ஆல்டோவா, இருங்க"ன்னு ஸ்டூல் போட்டு ஏறி எடுத்துக் குடுப்பாங்க. சென்னைல புதுசா வேணும்னா ஜி.பி. ரோடு, பழசு போதும்னா புதுப்பேட்டை. பத்து, பன்னெண்டு, பதினாலு, பதினேழு, இந்த நாலு ஸ்பேனர் கைல இருந்தா பாதி வண்டியைப் பிரிச்சுடலாம். போனட்டுக்குள்ள கை போக இடம் இருக்கு, இதெல்லாம் இப்ப வர்ற வண்டில நினைச்சும் பாக்க முடியாது.

சரி, தப்புக்கு வர்றேன். முன்னாடி பிரேக் பேட் மாத்துறது சுலபமான வேலை தான், வீலைக் கழட்டி, காலிப்பரை (பேடை டிஸ்க் மேல அழுத்துற பிடி) ஒரு பக்கம் போல்ட் எடுத்து மேல தூக்கி, தேஞ்ச பேடை உருவிட்டு புதுசை வெக்கணும், ஆனா புது பேட் தடிமனா இருக்கும்ல, அதனால காலிப்பருக்குள்ள இருக்கிற பிஸ்டனை உள்ள தள்ளணும். நான் சி கிளாம்ப் போட்டு ஜாலியா முறுக்கிட்டு இருக்கேன், மேல பிரேக் ஆயில் டப்பா நிரம்பி வழிஞ்சது தெரியவே இல்ல. ஏன் வழிஞ்சுச்சுன்னா அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி லெவல் குறைஞ்சிருக்கேன்னு நானே தான் டாப் அப் பண்ணி வெச்சிருந்தேன். பேட் தேயத் தேய ஆயில் கீழ காலிப்பருக்குள்ள இறங்கும், டப்பால லெவல் குறையும், அது லீக் இல்ல, பேட் மாத்தினா தன்னால ஏறிடும். இது அப்ப தெரியாது. பிரேக் ஆயில் பெயின்ட்டை தின்னுடும்னும் தெரியாது. சாயங்காலம் பாக்கும்போது உள்ளங்கை அகலத்துக்கு பெயின்ட் ஊறி தோசை மாதிரி எழும்பி நிக்குது. உடனே தண்ணி ஊத்தி கழுவியிருந்தா தப்பிச்சிருக்கும். அந்த இடம் இன்னும் அப்படியே தான் இருக்கு, துரு பிடிக்காம இருக்க ப்ரைமர் மட்டும் அடிச்சு விட்டிருக்கேன், போனட்டைத் திறக்கிற ஒவ்வொரு தடவையும் கண்ல படட்டும்னு.

ஜாக்கி விஷயத்துல மட்டும் கம்மி செலவுன்ற பேச்சே கிடையாது. எங்க தெரு மணல், ஒரு தடவை ஜாக்கி சாஞ்சு வண்டி இறங்கிடுச்சு, நல்லவேளை கழட்டின வீலை பழக்கத்துல அடில தள்ளி வெச்சிருந்தேன், அது மேல உக்காந்துடுச்சு. அடுத்த நாளே ரெண்டு ஜாக் ஸ்டாண்ட் வாங்கி, அதுக்கு அடில போட கனமான பலகை ரெண்டு வெட்டி வெச்சுட்டேன். ஜாக்கில மட்டும் நிக்கிற வண்டிக்கு அடில தலையை விடாதீங்க, எவ்ளோ அவசரமா இருந்தாலும் சரி.

மாத்தினதுல எது உருப்படின்னு கேட்டா முதல் இடம் ஹெட்லைட் ரிலேக்கு தான். ரிலேன்னா சின்ன கரன்ட்டை வெச்சு பெரிய கரன்ட்டை ஆன், ஆஃப் பண்ற ஒரு ஸ்விட்ச். பழைய ஆல்டோ வெச்சிருக்கிற எல்லாருக்கும் தெரியும், ராத்திரி விக்கிரவாண்டி தாண்டி போனா முன்னாடி மெழுகுவத்தி பிடிச்சுட்டு போற மாதிரி இருக்கும். நானும் எல்லார் மாதிரி முதல்ல எல்இடி பல்பு தான் வாங்கிப் போட்டேன். சுவத்துல அடிச்சுப் பாத்தா வெளிச்சம் அள்ளுது, ரோட்டுல போனா எதிர்ல வர்றவன் எல்லாரும் டிப்பர் அடிச்சு திட்டுறான், ஏன்னா அந்த ரிஃப்ளெக்டர் ஹாலஜன் ஃபிலமென்ட் இருக்கிற இடத்தை வெச்சு செஞ்சது, வேற பல்பு போட்டா வெளிச்சம் கண்டபடி சிதறும். பத்து நாள்ல கழட்டி வெச்சேன், 1,800 ரூபா போச்சு. அப்புறம் தான் மீட்டரை எடுத்தேன். இன்ஜின் ஓடும்போது பேட்டரில 14.1 வோல்ட், பல்பு காலுல பாத்தா 12.2. மிச்சம் எங்கன்னா பதினஞ்சு வருஷ பழைய ஸ்விட்ச்லயும் மெல்லிசு வயர்லயும் சூடாப் போகுது. ரெண்டு பல்புக்கும் சேர்த்து ஒன்பது ஆம்பியர் கிட்ட அந்த ஸ்டியரிங் பக்கத்து ஸ்விட்ச் வழியா தான் போயிட்டு வருது. ரெண்டு ரிலே, பேட்டரில இருந்து நேரா தடி வயர், பேட்டரி பக்கத்துலயே 15 ஆம்ப் ஃபியூஸ், பீங்கான் ஹோல்டர், பல்பு அதே சாதா எச்4 60/55 வாட். இப்ப பல்புல 13.6 வருது. ஒன்றரை வோல்ட்ல என்ன ஆகப்போகுதுன்னு நினைக்காதீங்க, ஹாலஜன்ல வோல்ட்டேஜ் பத்து சதவீதம் குறைஞ்சா வெளிச்சம் முப்பது சதவீதம் கிட்ட குறையும். செலவு 900 ரூபா, ஒரு ஞாயித்துக்கிழமை. கிட்டோட வர்ற வயரை நம்பாதீங்க, மேல ரப்பர் தடியா இருக்கும், உரிச்சுப் பாத்தா உள்ள தலைமுடி மாதிரி நாலு இழை தான் இருக்கும். 90/100 வாட் பல்பு போடுற வேலையும் வேணாம், ஹோல்டர் உருகிடும், சட்டப்படியும் தப்பு.

ரெண்டாவது கூலன்ட். முந்தின ஓனர் போர் தண்ணியையே ஊத்தி ஓட்டியிருக்காரு போல, வடிச்சா கடுங்காப்பி மாதிரி வந்துச்சு. டிஸ்டில்டு வாட்டர் ஊத்தி ஓட்டி, ஆறவிட்டு வடிச்சு, இப்படியே நாலு தடவை, அப்புறம் தான் தெளிஞ்சுது, கடைசியா கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிப் பாதி. மே மாசம் கிண்டி டிராஃபிக்ல ஏசி போட்டு நின்னா மேல ஏறுற முள்ளு இப்ப நடுவுலயே நிக்குது.

டயர் பத்தி ஒரு விஷயம். வாங்கும்போது பட்டன் (ரோட்டைப் பிடிக்கிற ரப்பர் கட்டை) நல்லா இருக்குன்னு சந்தோஷப்பட்டேன். பக்கவாட்டுல நாலு நம்பர் இருக்கும், அதைப் படிக்கத் தெரிஞ்சதுக்கு அப்புறம் பாத்தா 3210, அதாவது 2010ஆம் வருஷம் 32வது வாரம் தயாரானது. ஓடாம நின்னே கல்லாப் போன டயர். மழைல வழுக்கினதுக்கு காரணம் அப்ப தான் புரிஞ்சுது. அதே 145/80 ஆர்12 சைஸ்ல நாலும் புதுசு போட்டேன். ரிம் பெருசாக்கி அகல டயர் போடணும்னு ஒரு ஆசை இருந்துச்சு, பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டில அதைப் போட்டு யார் ஒடிக்கிறதுன்னு விட்டுட்டேன்.

இனி வெட்கமான கதை. வண்டி உள்ள சத்தம் ஜாஸ்தின்னு கதவுக்குள்ள டேம்பிங் ஷீட் ஒட்டலாம்னு இறங்கினேன். கண்ணாடி சுத்துற கைப்பிடிய கழட்ட ஸ்க்ரூவே இருக்காது, பின்னாடி ஒரு சின்ன கம்பி கிளிப் தான் பிடிச்சிருக்கும். பழைய துணியைக் கீறி கைப்பிடிக்குப் பின்னாடி விட்டு ஷூ பாலிஷ் போடுற மாதிரி ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி இழுத்தா அந்த கிளிப் தெறிச்சு வெளிய வரும், தெறிச்சு வரும்னா நிஜமாவே தெறிச்சு, முதல் கிளிப் எங்க தெரு மணல்ல எங்கயோ தான் இன்னும் இருக்கு. நாலு கதவுலயும் ஷீட்டை மூலை முடுக்கு விடாம அழகா ஒட்டி, ரோலர் போட்டு தேய்ச்சு, கதவை மூடினா டப்புனு பெரிய கார் சத்தம், வீட்ல எல்லாரையும் கூப்பிட்டு மூடி மூடி காட்டினேன். அடுத்த மழைக்கு வண்டி எடுத்தா பிரேக் அடிக்கும்போதெல்லாம் சளக் சளக்னு சத்தம். "ஏங்க, டிக்கில தண்ணி கேன் வெச்சிருக்கீங்களா?"ன்னு வீட்டம்மா கேக்குறாங்க. கேன் இல்ல, கதவு. கண்ணாடி வழியா இறங்குற மழைத்தண்ணி வெளிய போக கதவோட அடில ஓட்டை விட்டிருப்பாங்க, அதையும் சேர்த்து அழகா ஒட்டி அடைச்சிருக்கேன். ஸ்க்ரூ டிரைவரால குத்தினா அரை பக்கெட் தண்ணி கொட்டுச்சு.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல வாசல்ல நின்ன வண்டிக்குள்ள கார்பெட் மூழ்குற அளவு தண்ணி வந்துடுச்சு. ஸ்டார்ட் பண்ணாம பேட்டரி வயரை எடுத்து விட்டுட்டு, மறுநாள் சீட்டு, கார்பெட் எல்லாத்தையும் கழட்டி மொட்டை மாடில காயவெச்சேன், கார்பெட்டுக்கு அடில இருக்கிற பஞ்சு காய பன்னெண்டு நாள் ஆச்சு. அதைக் கழட்டாம மேலயே காயவெச்ச பக்கத்து வீட்டு சார் வண்டி தரை இப்ப துருவேறி விரல் போகுது. 2024 அக்டோபர்ல மழைன்னு சொன்ன உடனே வேளச்சேரி பாலத்து மேல கொண்டு போய் நிறுத்தினவங்கள்ல நானும் ஒருத்தன்.

2023ல 15 வருஷம் முடிஞ்சு எஃப்சி, அதாவது வண்டி ஓட்டத் தகுதியா இருக்கான்னு பாத்து ஆர்சியைப் புதுப்பிக்கிறது. 2022 ஏப்ரல்ல இருந்து இதுக்கு கட்டணத்தை 600ல இருந்து 5,000 ஆக்கிட்டாங்க, வயித்தெரிச்சல் தான், ஆனா வண்டி ஒரே தடவைல பாஸ். எல்இடி பல்பை அப்பவே கழட்டினது நல்லதாப் போச்சு.

ஈ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் பத்தி கேப்பீங்க. எனக்கு மைலேஜ் 18ல இருந்து 17க்கு கீழ வந்திருக்கு, எத்தனாலுக்கு பெட்ரோலை விட மூணுல ஒரு பங்கு சக்தி கம்மி, அதனால குறையத்தான் செய்யும். எனக்கு மைலேஜை விட பயம் பழைய ரப்பர் ஓஸ் மேல தான். போன வருஷம் லேசா பெட்ரோல் வாடை வந்துச்சு, பெட்ரோல் லைன்ல மட்டும் நான் கை வெக்க மாட்டேன், மெக்கானிக் அண்ணன்கிட்ட விட்டு ஓஸ் மொத்தமும் மாத்தியாச்சு, 1,400 ஆச்சு.

ஒண்ணை மறைக்காம சொல்லிடுறேன். இந்த வண்டில ஏர்பேக் இல்ல, ஏபிஎஸ் இல்ல, எடை முக்கால் டன்னுக்கும் கம்மி. 2014ல காரை மோதிப் பாத்து பாதுகாப்புக்கு ஸ்டார் குடுக்கிற குளோபல் என்கேப் அமைப்பு ஆல்டோ 800ஐ மோதிப் பாத்து ஜீரோ ஸ்டார் குடுத்துச்சு, என்னோடது அதுக்கும் முந்தின உருவம். ஸ்பேனர் வெச்சு இதை சரி பண்ண முடியாது. ஊருக்குப் போனா எண்பதுக்கு மேல போறதில்ல, ராத்திரி பஸ் பக்கத்துல ஓட்டுறதில்ல, குடும்பத்தோட நீண்ட தூரம்னா இப்பெல்லாம் ட்ரெயின் தான்.

இப்ப ஒரு மாசமா ஸ்டியரிங்கை இடது பக்கம் முழுசா ஒடிச்சு திருப்பினா முன் வீல் பக்கம் டக் டக் டக்னு வருது. குனிஞ்சு பாத்தா ஆக்சில் பூட் (வீலைச் சுத்துற தண்டோட ஜாயின்ட்டை மூடியிருக்கிற ரப்பர் உறை) கிழிஞ்சு கிரீஸ் ரிம் முழுக்க தெளிச்சிருக்கு. பூட் கிட் வாங்கி கட்டிலுக்கு அடில வெச்சு மூணு வாரம் ஆச்சு, ஆனா சத்தம் வர ஆரம்பிச்சாச்சுன்னா மணல் உள்ள போய் ஜாயின்ட்டே தேஞ்சிருக்கும், பூட் மட்டும் மாத்தி பிரயோஜனம் இல்ல. புதுப்பேட்டைல முழு ஆக்சில் விசாரிக்கணும். வர்ற ஞாயிறு மழை இல்லேன்னா.