புது என்ஜினைப் பழக்குவது: பொறுமையா, முரட்டு மிதியா?

என் மைத்துனரும் நானும் சில மாத இடைவெளியில் வாங்கிய இரண்டு வண்டிகளுக்குள்ளும் இருப்பது ஒரே என்ஜின்தான். என்னுடையது ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜிடிஐ, அவருடையது ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ். இரண்டுமே 2025இல் குறைந்த எண்ணிக்கையில் முழு வண்டியாகக் கப்பலில் வந்து இறங்கியவை. இரண்டு லிட்டர் டர்போ பெட்ரோல், 265 குதிரைத்திறன், தானே கியர் மாற்றும் ஏழு கியர் டிஎஸ்ஜி கியர்பாக்ஸ். பழக்கிய விதம்தான் வேறு. நான் கையேட்டைப் பின்பற்றினேன். அவர் ஷோரூம் வாசலிலிருந்தே மிதித்தார். குடும்பத்தில் எந்த விசேஷத்துக்குக் கூடினாலும் பந்தி முடியும் வரை இந்த வழக்குதான். அதனால் இரண்டு பக்கத்தையும் எழுதிவைக்கிறேன். நான் எந்தக் கட்சி என்பதை மறைக்கப் போவதில்லை.

கையேடு சொல்வது எளிது. முதல் 1,000 கிலோமீட்டருக்கு ஆக்சிலேட்டரை முழுக்க மிதிக்கக் கூடாது. உச்சச் சுற்றில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டக் கூடாது. இந்த என்ஜினுக்கு அது ஏறக்குறைய 4,300 ஆர்பிஎம், அதாவது நிமிடத்துக்கு 4,300 சுற்று. அதன்பின் 1,500 கிலோமீட்டர் வரை கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். மற்ற நிறுவனங்களும் இதே பாட்டை வேறு ராகத்தில் பாடுகின்றன. போர்ஷே 3,000 கிலோமீட்டர் பொறுக்கச் சொல்கிறது. பிஎம்டபிள்யூவின் எம் வண்டிகளில் 2,000 கிலோமீட்டர் வரை 5,500 ஆர்பிஎம், 170 கிலோமீட்டர் வேகம் என்று எல்லை போட்டு, அது முடிந்ததும் என்ஜின் ஆயிலையும், சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலின் ஆயிலையும் மாற்றிவிடுகிறார்கள்.

முரட்டு வழிக்காரர்களின் வாதத்தையும் ஒழுங்காகச் சொல்லிவிட வேண்டும். சிலிண்டர் சுவரில் குறுக்கும் நெடுக்குமாக ஹோனிங் கீறல்கள், அதாவது கல்லால் உரசி உண்டாக்கிய நுண்ணிய கோடுகள், இருக்கும். அந்தக் கீறல்களின் மேடுகள் தேய்ந்து, பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் சுவரோடு பொருந்துவதைத்தான் மெக்கானிக்குகள் ரிங் உட்காருவது என்கிறார்கள். ரிங்கைச் சுவரோடு அழுத்துவது அதன் சொந்த விறைப்பு மட்டுமல்ல. எரியும் வாயு ரிங்கின் பின்னால் புகுந்து தள்ளுவதுதான் பெரிய அழுத்தம். மெதுவாக ஓட்டினால் அந்த அழுத்தம் குறைவு. ரிங் சரியாக உட்காருவதற்குள் சுவர் வழுவழுப்பாகிவிட்டால், பிறகு காலமெல்லாம் வண்டி ஆயில் குடிக்கும். “மச்சான், நீங்கள் தடவிக் கொடுத்துக்கொண்டே இருந்தால் ரிங் உட்காரவே உட்காராது” என்று மாப்பிள்ளை (மைத்துனரை நான் அப்படித்தான் கூப்பிடுவேன்) சொல்வதன் சாரம் இதுதான்.

இதில் இயற்பியல் தவறு எதுவும் இல்லை. லேத்தில் போர் அடித்து, அதாவது சிலிண்டர் துளையைக் கடைந்து, ரிங் மாற்றிய பழைய என்ஜினுக்கு இது நன்றாகவே பொருந்தும். ஆனால் இன்றைய தொழிற்சாலையில் ஹோனிங் முடிந்ததும் அந்த மேடுகளின் நுனியை இன்னொரு முறை சீவித் தட்டையாக்கிவிடுகிறார்கள். பழைய என்ஜின் முதல் ஆயிரம் கிலோமீட்டரில் செய்துகொண்ட வேலையில் பெரும்பகுதி, வண்டி நம் கைக்கு வருவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. பந்தய என்ஜினை முதல் நாளே விரட்டுகிறார்களே என்றால், அதைச் சில மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு பிரித்துப் போட்டு மறுபடி கட்டுகிறார்கள். பத்து வருடம் ஓட வேண்டிய கவலை அதற்கு இல்லை.

முரட்டு வழியின் இன்னொரு நம்பிக்கை, முதல் சில பத்துக் கிலோமீட்டர்தான் எல்லாம் என்பது. அப்படியே வைத்துக்கொள்வோம். எங்கள் வண்டிகள் தொழிற்சாலையிலிருந்து ஸ்டாக் யார்டுக்கும், அங்கிருந்து கப்பலுக்கும், துறைமுகத்தில் இறங்கி டிரெய்லருக்கும், டிரெய்லரிலிருந்து ஷோரூமுக்கும் முகம் தெரியாதவர்கள் கையில் நகர்ந்தவை. ஒவ்வொரு முறையும் குளிர்ந்த என்ஜினைக் கிளப்பி, நூறு மீட்டர் ஓட்டி, அணைத்திருப்பார்கள். பொன்னான அந்த முதல் கிலோமீட்டர்கள் நமக்கு முன்பே கரைந்துவிட்டன.

எங்கே மிதிப்பது என்பது அடுத்த கேள்வி. இரண்டாம் கியரில் சிவப்புக் கோடு வரை போனாலே வேகம் நூறை எட்டிப் பார்க்கும். எங்கள் மதுரையில் நத்தம் சாலை மேம்பாலத்தில் ஏறி, ஏழு கிலோமீட்டர் தடையில்லை என்று நினைத்து மிதிக்கிறார்கள். பாலம் முடிந்து கீழே இறங்கினால் ஆட்டு மந்தையும், இண்டிகேட்டர் போடாமல் வலது பக்கம் திரும்பும் டிவிஎஸ் 50யும் காத்திருக்கும். பந்தயத் தடம் வேண்டுமென்றால் கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வேக்குப் போக வேண்டும். இங்கிருந்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல். போய்ச் சேர்வதற்குள் அவர்கள் சொல்லும் முகூர்த்தமே முடிந்துவிடும். புது டயரும் பிரேக் பேடும் முதல் சில நூறு கிலோமீட்டருக்குப் பிறகுதான் முழுப் பிடிமானத்துக்கு வருகின்றன என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

கையேட்டு வழி என்றால் மாட்டுவண்டி வேகம் என்று பலர் நினைக்கிறார்கள். அங்கேதான் முரட்டுக் கட்சியின் எச்சரிக்கையில் பாதியை நான் எடுத்துக்கொண்டேன். புது என்ஜினுக்கு ஆகாதது ஒரே சுற்று, ஒரே சுமை. கப்பலூர் டோலைத் தாண்டி நான்கு வழிச்சாலையில் க்ரூஸ் கன்ட்ரோலை 90இல் வைத்துத் திருநெல்வேலி வரை போனால், கிலோமீட்டர் எண் ஏறும்; என்ஜின் பழகாது. டிஎஸ்ஜியை ‘டி’யில் விட்டாலும் சிக்கல்தான். மைலேஜுக்காக அது கியரை அவசரமாக மேலே தள்ளி 1,400, 1,500 சுற்றில் என்ஜினைத் திணறவிடும். குறைந்த சுற்றில் அதிகச் சுமை என்பது ஊசி போடுவதுபோல நேரடியாகச் சிலிண்டருக்குள்ளேயே பெட்ரோலைப் பீய்ச்சும் டர்போ என்ஜின்களுக்குப் பொதுவாகவே ஆகாது. பொறி விழும் முன்பே கலவை பற்றிக்கொள்ளும் அபாயம் அப்போதுதான் அதிகம்.

அதனால் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருக்கும் பேடிலால் நானே கியர் மாற்றினேன். 2,000க்கும் 4,000க்கும் இடையில் ஏற்றி இறக்கி, அரை மிதி, முக்கால் மிதி, பிறகு காலை எடுத்து என்ஜினையே பிரேக் பிடிக்க விடுவது. இதற்கு மலைச்சாலையைப் போல உதவுவது வேறில்லை. திண்டுக்கல்லிலிருந்து சிறுமலைக்கு ஏறும் 18 கொண்டை ஊசி வளைவுகளில் வேகம் நாற்பதைத் தாண்டாமலேயே என்ஜினுக்கு நல்ல சுமை கிடைக்கும். இறங்கும்போது சுமையே இல்லாத ஓட்டம். தேனி சாலையில் ஆண்டிபட்டிக் கணவாயும் உதவும். ரிங்குக்குத் தேவையான அழுத்தமும் கிடைத்தது, எல்லையும் மீறவில்லை.

இனி உண்மையைச் சொல்ல வேண்டும். இரண்டு வண்டிகளின் ஆயில் குச்சியையும் அருகருகே பிடித்துப் பார்த்தோம். வித்தியாசம் இல்லை. இழுவையிலும் ஓட்டிப் பார்த்தவரை எனக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. ஒரே என்ஜினை இரண்டு விதமாகப் பழக்கிப் பார்க்க முடியாது. எங்களிடம் இருப்பது ஆளுக்கு ஒரு வண்டி, குறைந்த ஓட்டம். ஒரு லட்சம் கிலோமீட்டரில் யார் வண்டி ஆயில் குடிக்கும் என்று இன்று சத்தியம் செய்ய என்னால் ஆகாது.

என் கணக்கில் தீர்ப்பு வேறிடத்தில் இருக்கிறது. பழக்குவது ஒரு முறை. சூடேற்றுவது தினமும்.

“மதுரையில் எதற்கு சூடேற்றுவது, ஊரே அடுப்பாக இருக்கிறதே” என்பார்கள். மே மாத வெயில் நாற்பது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆயிலுக்கு வேலை வெப்பம் 90 முதல் 100 டிகிரி. நடுவே இன்னும் ஐம்பது, அறுபது டிகிரி பாக்கி இருக்கிறது. மார்கழி விடியலில் இருபதை ஒட்டி இறங்கும்போது பாக்கி இன்னும் கூடும். 0டபிள்யூ-20 என்ற தர எண் கொண்டது போன்ற மெல்லிய ஆயிலே 40 டிகிரியில் இருக்கும் தடிப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குக்கு 100 டிகிரியில்தான் வருகிறது. எல்லா இடுக்குகளும் அந்த மெல்லிய நிலைக்காகக் கணக்கிட்டவை. பிஸ்டன் அலுமினியம், பிளாக் வார்ப்பிரும்பு. அலுமினியம் இரும்பைப் போல இரு மடங்கு விரியும். குளிர்ந்த பிஸ்டன் சிலிண்டர் துளைக்குள் தளர்வாக ஆடிக்கொண்டுதான் இருக்கும். டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றைத் தாண்டுவது வெறும் ஆயில் படலத்தின் மேல்.

இதில் ஏமாற்றுவது தண்ணீர்ச் சூடு காட்டும் மீட்டர். ஐந்து நிமிடத்தில் 90க்கு வந்து ஆணி அடித்தாற்போல் நின்றுவிடும். ஆயில் சூட்டுக்கு என் வண்டியில் தனித் திரை உண்டு. 50 டிகிரி வரும்வரை அதில் எண்ணே கிடையாது; சின்னச் சின்னக் கோடுகள் மட்டும். தண்ணீர் 90 என்று சிரிக்கும்போது இங்கே கோடு மறைந்து 52 என்று முதல் எண் தலை காட்டும். 80ஐத் தொட அதற்கு மேலும் அதே அளவு நேரம் ஆகும். அதுவரை 3,000 சுற்றைத் தாண்டுவதில்லை என்பதுதான் நான் வைத்திருக்கும் ஒரே விரதம். பிஎம்டபிள்யூவின் பழைய எம்3யில், ஈ46 தலைமுறையில், ஆர்பிஎம் மீட்டரைச் சுற்றி விளக்குகள் வைத்து, ஆயில் சூடாகச் சூடாக ஒவ்வொன்றாக அணையும்படி செய்திருந்தார்கள். அந்த யோசனையை எல்லா வண்டியிலும் வைத்திருக்கலாம்.

மாப்பிள்ளையும் சூடேற்றுகிறார், ஆனால் நின்ற இடத்தில். காலையில் போர்டிகோவில் என்ஜினைப் போட்டுவிட்டுக் காபி குடித்து முடிக்கும்வரை ஓடவிடுவார். கிளப்பியதும் நகரச் சொல்கிறதே கையேடு என்றால், அது ஜெர்மானியர்கள் எழுதியது, அங்கே நின்றுகொண்டு தேவையில்லாமல் என்ஜினை ஓட்டுவது சாலை விதிப்படியே குற்றம், அதனால் அப்படித்தான் எழுதுவார்கள் என்பார். சட்டம் உண்மைதான். ஆனால் சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும் நிற்பதில் லாபம் இல்லை. சுமை இல்லாத என்ஜின் சூட்டை மிக மெதுவாகத்தான் உண்டாக்கும். குளிர்ந்திருக்கும்வரை பெட்ரோல் கூடுதலாகப் பாயும். எரியாத மிச்சம் சிலிண்டர் சுவரின் ஆயிலைக் கழுவிக்கொண்டு கீழே ஆயில் தேங்கும் சம்ப்பில் இறங்கும். ரிங்குக்காக அவ்வளவு கவலைப்படுகிறவர், அந்த ரிங்கின் ஆயிலைத்தான் தினமும் காலையில் கழுவிக்கொண்டிருக்கிறார். கியர்பாக்ஸும் டயரும் வண்டி உருண்டால்தான் சூடாகும். கிளப்பியதும் உயர்ந்து நிற்கும் ஐடில், அதாவது மிதிக்காமலே என்ஜின் சுற்றும் வேகம், அரை நிமிடத்தில் இறங்கும். நான் அதற்குக் காத்திருந்து, கிளம்பிவிடுகிறேன். அண்ணா நகரிலிருந்து ரிங் ரோட்டை அடைவதற்குள் ஆயில் பாதி வழி வந்திருக்கும்.

அவருக்குச் சாதகமாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மலை இறங்கி வந்ததும் வண்டியை உடனே அணைக்காமல், கடைசி இரண்டு கிலோமீட்டரைச் சாவகாசமாக ஓட்டி டர்போவை ஆறவிடுவதில் அவர் என்னைவிட ஒழுங்கு.

முதல் சர்வீசுக்கு முன்பே ஒரு முறை ஆயில் மாற்றுவதில் இருவரும் ஒரே கட்சி. ஹோண்டா போன்றவர்கள் குறித்த காலத்துக்கு முன் மாற்றாதே என்றே அச்சடிக்கிறார்கள். அந்த வண்டி வைத்திருப்பவர்கள் அவர்கள் சொல்வதைத்தான் கேட்க வேண்டும். எங்கள் கையேட்டில் அப்படித் தடை எதுவும் இல்லை. கழுவி இறங்கிய பெட்ரோலும் நுண்ணிய உலோகத் தூளும் சேர்ந்து வெளியேறட்டும் என்று, கையேட்டில் போட்டிருக்கும் அதே தர ஆயிலை ஊற்றி பில்லையும் பத்திரப்படுத்தினோம். வீண் செலவாகவும் இருக்கலாம். விற்கும்போது அந்தப் பில் வாங்குபவரிடம் பேசும். எப்படிப் பழக்கினோம் என்பதை யாரும் நம்பப் போவதில்லை.

மதுரைக்காரர்களுக்குப் பெரிய எதிரி சிம்மக்கல்வரை போய்த் திரும்பும் மூன்று கிலோமீட்டர் ஓட்டம்தான். ஆயில் சூட்டுத் திரையில் கோடு எண்ணாக மாறுவதற்குள் வீடு வந்துவிடும். அதற்கு வீட்டில் ஸ்கூட்டர் இருக்கிறது. அப்படிப்பட்ட ஓட்டம் தவிர்க்க முடியாதவர்கள் ஆயிலை மாற்றும் இடைவெளியைக் குறைத்துக்கொள்வதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.