குழந்தைக்கு டிபி பரிசோதனை: மாண்டூவா, இக்ராவா?

வீட்டில் ஒருவருக்கு நுரையீரல் காசநோய் என்று தெரிந்ததும் அடுத்த கவலை பிள்ளைகளைப் பற்றித்தான். கையில் ஊசி போட்டுப் பார்க்கும் மாண்டூவா, ரத்தம் எடுக்கும் இக்ராவா?

செலவு: மாண்டூ மலிவு. தனியார் லேபில் இக்ரா பல மடங்கு அதிகம்.

அலைச்சல்: மாண்டூவுக்கு இரண்டு தடவை போகணும், ஊசி போட்டு 48 முதல் 72 மணி நேரத்துக்குள் கையைக் காட்டியே ஆகணும், வெள்ளிக்கிழமை போட்டுவிட்டு ஞாயிறன்று பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பாதீர்கள். இக்ராவுக்கு ஒரே தடவை. ஆனால் கைக்குழந்தைக்கு நரம்பு தேடி ரத்தம் எடுப்பது லேசுப்பட்ட வேலை இல்லை.

நம்பகம்: விஷயமே இங்கேதான். நம்மூரில் பிறந்ததுமே பிசிஜி (காசநோய்த் தடுப்பூசி) போடுவதால், கிருமி தொற்றாத பிள்ளைக்கும் மாண்டூ ஊசி போட்ட இடம் தடித்து, தொற்று இருப்பதுபோல் காட்டலாம். இக்ராவை பிசிஜி குழப்பாது. மாண்டூவில் சிவப்பை அல்ல, தடிப்பை அளக்கணும், 10 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால் பொதுவாகப் பாசிட்டிவ். சத்துக்குறைவான பிள்ளைகளிடம் இரண்டுமே நெகட்டிவ் காட்டி ஏமாற்றலாம். அப்புறம், கிருமி தூங்குகிறதா, நோயாகவே மாறிவிட்டதா என்று இரண்டும் சொல்லாது. அதற்கு எக்ஸ்ரே, சளிப் பரிசோதனைதான்.

சரி, யாருக்கு எது? 2 வயதுக்குக் கீழ் என்றால் மாண்டூ. அதைவிடப் பெரிய, பிசிஜி போட்ட பிள்ளை, மறுபடி வர வசதியில்லை, கையில் காசும் இருக்கிறது என்றால் இக்ரா. நோயாளியோடு ஒரே வீட்டில் இருக்கும் 5 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு, நோய் இல்லை என்று டாக்டர் உறுதி செய்தால், இந்த இரண்டுக்கும் காத்திராமலே தடுப்பு மருந்து தொடங்கலாம்.