ஃபோல்ட்ஸ்கோப்: உயிரியல் செய்முறை வகுப்பில் எதற்குக் கைகொடுக்கும், எதற்குக் கொடுக்காது

செய்முறை வகுப்பில் ஒரு மைக்ராஸ்கோப்பைச் சுற்றி ஆறு பேர் நின்றால், ஃபோகஸ் செய்யப் பழகுவது ஒருவர்தான். மற்ற ஐவரும் அவர் வைத்துக் கொடுத்ததை எட்டிப் பார்த்துவிட்டு, புத்தகத்தில் இருக்கும் படத்தையே ரெக்கார்டில் வரைகிறார்கள். ஆளுக்கொரு கருவி கொடுக்க முடிகிறது என்பதே ஃபோல்ட்ஸ்கோப் என்ற காகித மைக்ராஸ்கோப்பை வாங்கப் போதுமான காரணம். ஆனால் அதை ஆய்வகத்தின் பெரிய மைக்ராஸ்கோப்புக்கு மாற்றாக நினைத்து வாங்கினால் ஏமாற்றம்தான். எது தெரியும், எது தெரியாது என்பதை ஆசிரியர் முன்கூட்டியே அறிந்து பாடத்தை அமைக்க வேண்டும்.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மனு பிரகாஷின் குழு உருவாக்கி, 2014-இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்ட மடிப்புக் காகித மைக்ராஸ்கோப் இது. வகுப்பறைக்கு வருவது 140 மடங்கு பெரிதாக்கும் வகை. பிரிதிறன், அதாவது இரு புள்ளிகளைத் தனித்தனியாகக் காட்டும் மிகச் சிறிய இடைவெளி, சுமார் 2 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). உள்ளே இருப்பது 2.4 மி.மீ. விட்டமுள்ள ஒரே ஒரு கண்ணாடிக் கோள லென்ஸ். கணக்குப் போட்டால் அதன் குவியத் தூரம் ஏறக்குறைய 1.76 மி.மீ. வரும், கண் தெளிவாகப் பார்க்கும் தூரமான 250 மி.மீ.-ஐ அதால் வகுத்தால் பெருக்கம் 142. பதினோராம் வகுப்பு மாணவரே போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு. இயற்பியல் ஆசிரியரையும் அழைத்து இதை ஒரு வகுப்பாகவே நடத்தலாம்.

இதே கணக்கில்தான் முதல் வகுப்பில் வரும் பெரும்பாலான புகார்களுக்கும் விடை இருக்கிறது. கோளத்தின் மையத்திலிருந்து 1.76 மி.மீ. என்றால், அதன் பரப்பிலிருந்து மாதிரிப் பொருள் வரை இருக்கும் இடைவெளி அரை மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். மாதிரியை மூடும் மெல்லிய கண்ணாடித் தகடான கவர் ஸ்லிப்பின் தடிமன் 0.17 மி.மீ.; அதற்குத் தாராளமாக இடம் உண்டு. கண்ணாடி ஸ்லைடின் தடிமன் 1 மி.மீ.; அதற்கு இடம் இல்லை. ஆகவே கவர் ஸ்லிப் லென்ஸைப் பார்த்து இருக்க வேண்டும். ஸ்லைடைத் திருப்பிச் செருகிவிட்டால் எவ்வளவு நகர்த்தினாலும் மங்கலான நிறத் திட்டுதான் தெரியும், "மிஸ், லென்ஸ் சரியில்லை" என்ற குரலும் வரும். ஸ்லைடின் ஓரத்தில் மார்க்கரால் "லென்ஸ் பக்கம்" என்று எழுதச் சொல்லிவிட்டால் இந்தச் சிக்கல் தீர்ந்தது.

பாகங்களைப் பிரித்து மடித்து முடிக்க ஒரு பீரியட் ஒதுக்குங்கள். மடிப்புக் கோட்டை ஸ்கேலின் விளிம்பால் ஒருமுறை அழுத்தித் தேய்த்தால் தட்டு தட்டையாக உட்காரும். தேய்க்காமல் விட்டால் ஸ்லைடு சாய்ந்து, காட்சியின் ஒரு பாதி தெளிவாகவும் மறு பாதி மங்கலாகவும் தெரியும். இரண்டு கட்டைவிரலும் சமமாக அழுத்தாதபோதும் இதேதான் நடக்கும். காட்சியின் விளிம்பு மட்டும் எப்போதும் சற்று மங்கலாகவே இருக்கும். அது கோள லென்ஸின் இயல்பு. பார்க்க வேண்டியதை நடுவுக்குக் கொண்டு வருவதே வழி.

வெங்காயத்தின் உள்தோலை 5 மி.மீ. சதுரமாக உரித்து, மடியாமல் விரித்து, அயோடின் ஒரு துளி விட்டுப் பார்த்தால் செல்சுவரும் நியூக்ளியஸும் குறை சொல்ல முடியாத அளவுக்குத் தெரியும். கருவியோடு வரும் ஒட்டும் படலத்தை அவசரமாக ஒட்டினால் காற்றுக் குமிழ் சிக்கிக்கொள்ளும். தடித்த கறுப்பு வளையத்தோடு பளிச்சென்று தெரிவதால் மாணவர்கள் அதையே செல் என்று வரைந்துவிடுவார்கள். ஒரு பக்கம் தொடங்கி மெல்லச் சாய்த்துப் படியவிட வேண்டும். ரியோ என்ற அலங்காரச் செடியின் இலையின் அடிப்புறத் தோலில் இலைத்துளையும் காப்பு செல்களும் அருமையாகத் தெரியும். செம்பருத்தியின் மகரந்தத் தூளில் முட்கள் வரை எண்ணலாம்.

இந்தக் கருவி உண்மையில் ஜொலிப்பது ஹைட்ரில்லா இலையில். இலை இரண்டே செல் அடுக்கு தடிமன் என்பதால் வெட்டவோ சாயமேற்றவோ வேண்டாம். குளத்து நீரோடு கண்ணாடி ஸ்லைடில் வைத்து நடுநரம்பை ஒட்டிய நீண்ட செல்களைத் தேடுங்கள். பசுங்கணிகங்கள் செல்லின் சுவரோரமாக வரிசையாக நகர்ந்து சுற்றி வருவதைக் காணலாம். உடனே நகராவிட்டால் இளஞ்சூடான வெளிச்சத்தில் சில நிமிடம் வைத்துப் பாருங்கள். சைட்டோபிளாச ஓட்டத்தை ஒவ்வொரு மாணவரும் தன் கையில் பிடித்துப் பார்ப்பதற்கு நிகராக வேறு எந்தச் செய்முறையையும் சொல்லத் தோன்றவில்லை.

கன்னத்து செல் சுமார்தான். மெத்திலீன் புளூ சாயம் இல்லாமல் தெளிவாகத் தெரியாது. சாயம் இருந்தாலும் வெளிச்சத்தைப் பொறுத்தது. இதில் ஒளியைக் குவிக்கும் கண்டென்சரோ, அதன் அளவைக் கட்டுப்படுத்தும் டயஃப்ரமோ கிடையாது. மொபைல் டார்ச்சை ஒட்டி வைத்து, நடுவில் டிரேசிங் பேப்பரும் வைத்தால் எல்லாத் திசையிலிருந்தும் ஒளி பாய்ந்து செல்லின் விளிம்பு வெளிறிப்போகும். விளக்கைக் கை நீளத் தொலைவுக்குத் தள்ளினால் விளிம்பு எழுந்து வரும். ஜன்னல் வழி வரும் வானத்து வெளிச்சம் சாயமேற்றிய ஸ்லைடுக்குப் போதும். சூரியனை நோக்கி ஒருபோதும் பிடிக்கக் கூடாது, கண்ணின் விழித்திரை வெந்துவிடும். கருவிகளைக் கொடுப்பதற்கு முன்பே இதை அழுத்தமாகச் சொல்லிவிட வேண்டும்.

கல்லூரித் தேவைகளுக்கு வரும்போது வரம்பு தெரிகிறது. வெங்காய வேர்நுனியை அமிலத்தில் மென்மையாக்கி, அசிட்டோகார்மைனில் நசுக்கிய ஸ்லைடில் பிரியும் செல்களை அடையாளம் காணலாம். குரோமோசோம்கள் செல்லின் நடுவில் அணிவகுக்கும் மெட்டாஃபேஸ் நிலை ஒரு கரும்பட்டையாகத் தெரியும். 16 குரோமோசோம்களை எண்ண முடியாது. இரத்தப் பூச்சில் சிவப்பணுக்கள் வட்டங்களாகத் தெரியும், வெள்ளையணுக்களை வகை பிரிக்க முடியாது. பாக்டீரியாவுக்கும், அவற்றை வகை பிரிக்கும் கிராம் சாயச் செய்முறைக்கும் இதை எடுக்கவே வேண்டாம். அங்கே பெரிய மைக்ராஸ்கோப்பில் எண்ணெய்த் துளி விட்டுப் பார்க்கும் எண்ணெய் மூழ்கு லென்ஸ்தான். பதினேழாம் நூற்றாண்டு டச்சுக்காரர் லீவன்ஹூக் ஒற்றை லென்ஸில் பாக்டீரியாவைக் கண்டாரே என்று மாணவர் கேட்டால், அவருடைய லென்ஸ்கள் இன்னும் சிறியவை, இன்னும் ஆற்றல் மிக்கவை என்று சொல்லலாம். லென்ஸ் சிறுக்கச் சிறுக்க இடைவெளியும் காட்சிப் பரப்பும் சுருங்கும். பள்ளி மாணவர் கையாள 140 மடங்கே சரியான அளவு.

பெரிய மைக்ராஸ்கோப்பில் பழகியவர்களுக்கு ஒரு குறிப்பு: செய்தித்தாளின் எழுத்தை வெட்டி வைத்துப் பார்க்கும் பயிற்சியில் அங்கே எழுத்து தலைகீழாகத் தெரியும், கண்ணால் நேராகப் பார்த்தால் இங்கே நிமிர்ந்தே தெரியும். இரண்டையும் அடுத்தடுத்து காட்டினால் எளிய மைக்ராஸ்கோப்புக்கும் கூட்டு மைக்ராஸ்கோப்புக்கும் உள்ள வேறுபாடு ஒரே நிமிடத்தில் பதியும்.

காந்த வளையத்தால் மொபைலில் பொருத்திப் படம் எடுப்பது வகுப்புக்கு மிகவும் உதவும். பல கேமரா உள்ள மொபைல், நெருங்கியதும் தானாக வேறு கேமராவுக்குத் தாவிவிடும். அந்த அமைப்பை அணைத்துவிட்டு, பிரதான கேமராவின் நேர் நடுவில் வளையத்தை ஒட்டுங்கள். எடுத்த படத்தின் கீழ் 140 மடங்கு என்று எழுதுவது தவறு. அந்த எண் கண்ணால் பார்ப்பதற்கு மட்டுமே. படத்தின் பெருக்கம் திரையையும் ஜூமையும் பொறுத்து மாறும். துறையின் ஆய்வகத்தில் இருக்கும் ஸ்டேஜ் மைக்ரோமீட்டரை (நுண்ணிய அளவுக் கோடுகள் பொறித்த ஸ்லைடை) அதே ஜூமில் ஒருமுறை படமெடுத்து வைத்துக்கொண்டால், 10 மைக்ரான் கோடுகளை வைத்து எல்லாப் படங்களுக்கும் அளவுகோல் போட்டுவிடலாம்.