திற்பரப்பு அருவிக்குப் போகிறீர்களா? வழியில் யாராவது 'குளிக்கத் தடை' என்றால் வண்டியை நிறுத்தாதீர்கள்

போன ஞாயிறு மதுரையிலிருந்து குடும்பத்தோடு காரில் கிளம்பினோம். காலையில் கன்னியாகுமரி மாவட்டத்தில் மாத்தூர் தொட்டிப்பாலம், பள்ளத்தாக்கின் மேலே கால்வாய்த் தண்ணீரைக் கொண்டுபோகும் பாலம். 115 அடி உயரத்தில் நின்றுகொண்டு என் மாமியார் கீழே பார்க்க மாட்டேன் என்று கண்ணை மூடிக்கொண்டதுதான் அன்று காலையில் ஒரே சந்தோஷமான நேரம். அங்கிருந்து திருவட்டார், குலசேகரம் வழியாகத் திற்பரப்பு.

குலசேகரம் தாண்டியதும் காக்கி சட்டை போட்ட ஒருவர் கை காட்டினார். "சாரே, பேச்சிப்பாறையில தண்ணி திறந்து விட்டாச்சு. அருவியில குளிக்க விடமாட்டாவ."

நம்பிவிட்டேன். பேச்சிப்பாறை அணையிலிருந்து உபரிநீர் திறந்தால் கோதையாறு பெருகி, திற்பரப்பில் குளிக்கத் தடை போடுவது வழக்கம்தான். அதற்கு முந்தின இரண்டு நாளும் நல்ல மழை வேறு. பொய்யை எந்த இடத்தில் சொல்ல வேண்டும் என்று அந்த ஆளுக்குத் தெரிந்திருக்கிறது.

"உள்ளே ஒரு அருவி இருக்கு, வெளியூர்க்காரங்களுக்குத் தெரியாது" என்றார். 1500 கேட்டு 1000-க்கு இறங்கினார். முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார். ரப்பர் தோட்டத்துக்குள் வண்டி போனது. பாதியில் 'தோட்டக்காரருக்கு' என்று இன்னும் 200. இறங்கிப் பார்த்தால், முழங்கால் அளவு ஓடை, மூன்றடிப் பாறையில் தண்ணீர் வழிகிறது. அதுதான் அருவி! சின்னவன் காலில் அட்டை ஏறி ரத்தம். திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம். ரப்பர் மரத்தில் கட்டிய சிரட்டைகள் மட்டும் வரிசையாக எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன.

மெயின் ரோட்டுக்கு வந்து டீ குடிக்க நிறுத்தினோம். பக்கத்து பெஞ்சில் ஒரு குடும்பம், தலை ஈரம், தோளில் பிழியாத துண்டு. எங்கே குளித்தீர்கள் என்று கேட்டேன். திற்பரப்பில்தானாம். கடைக்கார அம்மா சிரித்தார்: "அருவி அடைக்கவே இல்லியே மக்களே. உங்களையும் அந்த ஓடைக்குக் கூட்டிட்டுப் போனானா?"

'உங்களையும்'. அதைக் கேட்டதும்தான் எனக்கு அதிகமாக எரிச்சல் வந்தது.

தடை உண்மையாகவே இருந்தால் அதை நுழைவுச் சீட்டு கொடுக்கும் இடத்தில் சொல்வார்கள், காசும் கேட்க மாட்டார்கள். அதனால் நேராக அங்கே போய்க் கேளுங்கள். மழைக்காலமென்றால் காலையில் செய்தியில் பேச்சிப்பாறை நிலவரத்தையும் பார்த்துவிடுங்கள். காக்கி சட்டையை யார் வேண்டுமானாலும் தைத்துப் போடலாம். ஊர் தெரியாத இடத்தில் பிள்ளைகளோடு ஓடையில் இறங்கியதும் என் தப்புதான். மேலே மழை பெய்து திடீரென்று தண்ணீர் ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

அப்புறம் திற்பரப்புக்கே போய், மகாதேவர் கோவிலில் கும்பிட்டுவிட்டு ஆசை தீரக் குளித்தோம். திரும்பும்போது அதே இடத்தில் அதே காக்கி சட்டை, கேரளா வண்டி ஒன்றின் ஜன்னலில் குனிந்து பேசிக்கொண்டிருந்தது. காரை ஓரங்கட்டி, "அருவி திறந்துதான் இருக்கு, நாங்க இப்பத்தான் குளிச்சிட்டு வர்றோம்" என்று கத்தினேன். அவர் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு தோட்டத்துப் பக்கம் நடக்க ஆரம்பித்தார்.