பெயிண்ட் கன்னுக்குத் தண்ணீரில் டெமோ காட்டினால் நம்பாதீர்கள்

பொங்கலுக்கு நாமே வீட்டுக்குப் பெயிண்ட் அடித்துவிடலாம் என்று கரண்டில் ஓடும் ஸ்பிரே கன் வாங்கக் கிளம்பியிருப்பவர்கள், தயவுசெய்து இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். எனக்குக் கன்னுக்கு 3,800 ரூபாய் போனது. அது கெடுத்த சுவரைச் சரிசெய்ய அதற்கு மேலும் போனது.

எங்கள் ஊர்க் கடைவீதியில் ஒரு ஹார்டுவேர் கடை. ஹாலுக்கும் இரண்டு ரூமுக்கும் எமல்ஷன் (தண்ணீர் கலந்து அடிக்கும் சுவர் பெயிண்ட்) அடிக்க வேண்டும், இந்தக் கன்னில் அது போகுமா என்று தெளிவாகத்தான் கேட்டேன். “எல்லா பெயிண்டும் போகும் சார், ஒரே நாள் வேலை” என்றார் கடைக்காரர். கையோடு கப்பில் தண்ணீரை ஊற்றி, கடை வாசலில் விரித்திருந்த அட்டையில் அடித்துக் காட்டினார். புகை மாதிரி, விசிறி விரித்தாற்போல் அவ்வளவு அழகாக வந்தது. வீட்டில் காட்டலாமென்று போனில் வீடியோகூட எடுத்துக்கொண்டேன். பில் வேண்டாமென்றால் 400 ரூபாய் குறைப்பதாகச் சொன்னார். பில் போட்டே கொடுங்கள் என்றேன்.

ஏமாந்த இடம் அந்தத் தண்ணீர்தான். தண்ணீரை எந்தக் கன்னும் பீச்சும். எமல்ஷன் தயிர் மாதிரி கெட்டி. இந்தக் கன்னுக்குள் இருப்பது காற்றை ஊதும் ஒரு மோட்டார் மட்டுமே. அந்தக் காற்றுதான் பெயிண்டைத் துளித்துளியாக உடைத்துச் சுவருக்குக் கொண்டுபோக வேண்டும். கெட்டியான பெயிண்டை உடைக்க அதற்குத் தெம்பு கிடையாது. அப்பார்ட்மென்ட் வேலைகளில் ஓட்டுகிறார்களே, ஏர்லெஸ் மெஷின், அது வேறு ஜாதி. பம்ப் வைத்துப் பெயிண்டையே 2,000 பிஎஸ்ஐக்கு (அழுத்தத்தை அளக்கும் அலகு) மேல் அழுத்தித் தள்ளும். விலையும் பல ஆயிரங்கள் அதிகம். இரண்டுக்கும் ‘ஸ்பிரே’ என்று ஒரே பேர் இருப்பது விற்பவர்களுக்கு வசதியாகப் போய்விட்டது.

வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்தேன். அட்டையில் மூன்று நாசில் (பெயிண்ட் வெளியே வரும் முனை) படம் போட்டிருந்தது, உள்ளே இருந்தது ஒன்றுதான். பித்தளை நாசிலின் விளிம்பில் பொடி எழுத்தில் 1.5 என்று வெட்டியிருந்தது. அன்றைக்கு அதன் அர்த்தம் எனக்குத் தெரியவில்லை. 1.5 மில்லிமீட்டர் துவாரம் வார்னிஷுக்கும் தண்ணியான எனாமலுக்கும்தான் சரிப்படும். சுவர் பெயிண்டுக்கு 2.5 மில்லிமீட்டராவது வேண்டும். கூடவே கைப்பிடி வைத்த சின்னப் புனல் மாதிரி ஒரு கப் இருந்தது. அதில் பெயிண்டை நிரப்பி, அடித்துளை வழியாக ஒழுகி முடிய எத்தனை செகண்ட் ஆகிறது என்று பார்த்துத்தான் கெட்டியைக் கணக்கிட வேண்டுமாம். கடையில் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் எமல்ஷனை அதில் ஊற்றியபோது கொஞ்சம் இழுத்து, அப்புறம் சொட்டு சொட்டாக நின்றுவிட்டது.

கடைக்குப் போன் போட்டேன். “தண்ணி சேருங்க சார். ரெண்டடி தள்ளி நின்னு அடிங்க, வழியாது” என்றார். டப்பாவில் லிட்டருக்கு 400 மில்லி தண்ணீர் வரைதான் போட்டிருந்தது. அவ்வளவு சேர்த்தும் கன் துப்பித் துப்பித்தான் அடித்தது. லிட்டருக்கு லிட்டர் தண்ணீர் கலந்த பிறகுதான் ஒழுங்காக வந்தது. கிட்டே பிடித்தால் கண்ணீர் மாதிரி கோடு கோடாக வழிந்தது. தள்ளிப் பிடித்தால், சுவரில் முன்பே பூசியிருந்த பட்டியின் வெள்ளை மறையவே இல்லை. மூன்று கோட் அடித்தேன். புகை மூட்டம் தாங்காமல் ஃபேனையும் போட்டுவிட்டேன்.

அந்தப் புகையைப் பற்றியும் சொல்ல வேண்டும். தண்ணி பெயிண்ட்தானே, மாஸ்க் எதற்கு என்று கடையில் சொன்னதை நம்பி, அம்மாவைப் பக்கத்து ரூமில் உட்கார வைத்திருந்தேன். அவருக்கு ஏற்கெனவே வீசிங். ராத்திரி முழுக்க இருமினார். வாசனை குறைவு என்பதற்காக அந்தத் துளியை மூச்சில் இழுக்கலாம் என்று ஆகிவிடாது. பெயிண்டின் பொடியும் பசையும் அதற்குள்தான் இருக்கின்றன. வீட்டில் பெரியவர்களோ குழந்தைகளோ இருந்தால் அன்று முழுக்க வேறு வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அடிப்பவரும் நல்ல மாஸ்க் இல்லாமல் கன்னைத் தொட வேண்டாம்.

நான்காம் நாள் எங்கள் தெரு பெயிண்டர் அண்ணனைக் கூட்டி வந்தேன். அவர் ஒன்றும் பேசாமல் உள்ளங்கையைச் சுவரில் வைத்து ஒரு இழு இழுத்துத் திருப்பிக் காட்டினார். ரேகையெல்லாம் பிஸ்தா பச்சை. “பெயிண்ட் சுவத்துல ஒட்டலை தம்பி, வந்து உக்காந்திருக்கு” என்றார். ரெண்டடி தூரம், மேலே ஓடும் ஃபேன் என்று துளிகள் காற்றிலேயே பாதி காய்ந்துவிட்டதாம். ஈரமாகப் போய் விழுந்தால்தான் ஒன்றோடொன்று சேர்ந்து தோல் மாதிரிப் பிடிக்கும். காய்ந்து விழுந்தால் மாவு மாதிரிதான் நிற்கும். ஒரு சாண், மிஞ்சினால் ஓரடி, அதற்கு மேல் தள்ளிப் பிடிக்கக் கூடாது என்றார். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, துடைத்து, பிரைமர் விட்டு, ரோலரில் இரண்டு கோட் கொடுத்தார். அந்த மூன்று நாள் கூலியும் புது பெயிண்டும்தான் நான் மேலே சொன்ன அதிகச் செலவு.

கன்னைத் திருப்பித் தரப் போனால், “பெயிண்ட் பட்டுடுச்சே சார், யூஸ் பண்ண பொருளை எப்படி எடுக்கிறது?” என்று பில்லின் அடியில் இருந்த ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது’ என்ற வரியைக் காட்டினார். பெயிண்ட் ஊற்றாமல் பெயிண்ட் அடிக்கிறதா என்று நான் எப்படிப் பார்ப்பது? இதற்குத்தான் சொல்கிறேன், வாங்குவதானால் கால் லிட்டர் எமல்ஷனைக் கையோடு கொண்டுபோங்கள். டப்பாவில் போட்ட அளவுக்கு மட்டும் தண்ணீர் கலந்து, கடையிலேயே அடித்துக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் திரும்பி வந்துவிடுங்கள். நாசிலில் உள்ள எண்ணையும் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. பத்து நாள் கழித்துக் கடையிலிருந்து போன் வந்தது. 2.5 நாசில் ஒன்று தருகிறேன், புகாரை வாபஸ் வாங்குங்கள் என்றார்கள். பணம்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் கிடையாது. திங்கட்கிழமை அங்கே போகிறேன். பில், அட்டைப்பெட்டி, நாசில் மூன்றையும் ஒரு பையில் போட்டு வைத்திருக்கிறேன். தண்ணீர் டெமோ வீடியோவும் போனில் பத்திரமாக இருக்கிறது. “எல்லா பெயிண்டும் போகும் சார்” என்று அவர் சொல்வது அதில் தெளிவாகக் கேட்கிறது.